கடையடைப்பு நாளில் ஷட்டரை இறக்குவது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பஜாரில் நோட்டுப் புத்தகக் கடை வைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வணிகர் சங்கத்தில் இரண்டு முறை பொருளாளராகவும் இருந்திருக்கிறேன். ஒவ்வொரு பந்த் அறிவிப்பு வரும்போதும் பக்கத்துக் கடைக்காரர்களும், ஜெராக்ஸ் எடுக்க வரும் கல்லூரிப் பிள்ளைகளும், என் மகளும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதிவைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. கல்லாவில் உட்கார்ந்தபடி தீர்ப்புகளைப் பற்றிப் படித்தவன், அவ்வளவுதான்.

கருத்துச் சொல்வதற்கும் கட்டாயப்படுத்துவதற்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது?

"என்னால் முடியாது" என்று சொன்னவருக்கு மறுநாள் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் கேட்டவர் தன் கருத்தைத்தான் சொல்லியிருக்கிறார். கை உடைகிறது, கண்ணாடி உடைகிறது, பிழைப்பு உடைகிறது என்றால் அவர் கருத்துச் சொல்ல வரவில்லை. சத்தத்தை வைத்து இதை அளக்க முடியாது. ஒலிபெருக்கியில் காது கிழியக் கத்துகிறவர் கருத்தோடு நின்றுவிடலாம். காதோடு காதாகப் பேசுகிறவர் மிரட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஏரிக்கு நீர் வரும் கால்வாயை ஆக்கிரமித்துச் சுவர் எழுப்பியதைக் கண்டித்து ஒரு நாள் கடையடைப்பு அறிவித்தார்கள். முந்தின நாள் மாலை ஐந்து பேர் கடைக்கு வந்தார்கள். ஒருவர் மஞ்சள் தாளில் அச்சடித்த நோட்டீஸை நீட்டி, "அண்ணாச்சி, ஏரி நம் எல்லோருக்கும் பொது. நாளை ஒரு நாள் ஒத்துழைப்புக் கொடுங்கள்" என்றார். கும்பிட்டார். மற்ற மூவரும் கும்பிட்டார்கள். ஐந்தாவது ஆள் கும்பிடவில்லை. பேனாக்கள் அடுக்கியிருந்த முன்பக்கக் கண்ணாடிப் பெட்டியை விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டினார். "புதிதாகப் போட்டதா? என்ன விலை ஆயிற்று?" என்று கேட்டார். விலையைச் சொன்னேன். "நல்ல கண்ணாடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நோட்டீஸ் கொடுத்தவருக்கு இன்றும் என் கடையில் மரியாதை உண்டு. கண்ணாடி விலை கேட்டவரைப் பற்றித்தான் இந்தப் பக்கம் முழுவதும்.

அவர் விலையைத்தானே கேட்டார்? அதை எப்படி மிரட்டல் என்று சொல்வீர்கள்?

இதைத்தான் என் மகளும் கேட்டாள். நியாயமான கேள்வி.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆவது பிரிவு குற்றமுறு மிரட்டலைப் பற்றியது. 2024 ஜூலை 1 முதல் இதுதான் சட்டம், ஆனால் காவல் நிலைய வாசலில் மக்கள் வாயில் இன்னும் பழைய சட்டத்தின் 506-ஆவது பிரிவுதான். ஒருவருடைய உடலுக்கோ பெயருக்கோ சொத்துக்கோ தீங்கு வரும் என்று எந்த வழியிலாவது அச்சுறுத்தி, சட்டப்படி அவர் செய்ய வேண்டிய அவசியமில்லாததைச் செய்ய வைப்பதும், செய்ய உரிமையுள்ளதைச் செய்யாமல் விட வைப்பதும் இதில் அடங்கும். கடை திறப்பது எனக்கு உரிமையுள்ள காரியம். அதை விட வைப்பதற்காகக் கண்ணாடியைத் தட்டினார் என்று நிரூபிக்க முடிந்தால் அது மிரட்டல். எப்படி நிரூபிப்பது? கேமரா பதிவில் ஒரு மனிதர் கண்ணாடியைத் தட்டுகிறார், சிரிக்கிறார், போகிறார். எந்த ஆய்வாளரும் என்னைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்.

ஆனால் சட்டத்தில் நிற்காது என்பதால் மிரட்டலே இல்லை என்று ஆகிவிடாது. அன்று இரவு நான் செய்தது என்ன தெரியுமா? கண்ணாடிப் பெட்டியைச் சுவரோரமாக நகர்த்தி, அதன்மேல் பழைய சாக்கைப் போட்டு மூடினேன். வெறும் விலை விசாரிப்புக்கு யாரும் சாக்குப் போடுவதில்லை.

பந்த், ஹர்த்தால், கடையடைப்பு, வேலைநிறுத்தம் எல்லாம் ஒன்றுதானே?

பேச்சில் ஒன்றாகத்தான் புழங்குகின்றன. ஹர்த்தால் குஜராத்திலிருந்து வந்த சொல், கடைகளை அடைத்துத் துக்கமோ எதிர்ப்போ காட்டுவது. இலங்கையில் வடக்கிலும் கிழக்கிலும் தமிழர்கள் இன்றும் இந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். அங்கே 1953 ஆகஸ்ட் 12-ஆம் தேதி நடந்த ஹர்த்தால், அரிசி விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதை எதிர்த்து எழுந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க இரண்டு மாதங்களில் பதவி விலகினார். வேலைநிறுத்தம் என்பது தொழிலாளி தன் உழைப்பைத் தானே நிறுத்திக்கொள்வது. பந்த் என்றால் எல்லாமே நிற்க வேண்டும், எல்லோரும் நிறுத்த வேண்டும்.

இந்த "எல்லோரும்" என்ற இடத்தில்தான் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1997 ஜூலை 28-ஆம் தேதி கை வைத்தது. பந்த் நாள்களில் அல்லல்பட்ட குடிமக்களும் வணிகர் அமைப்புகளும் தொடுத்த வழக்கு அது. நீதிமன்றம் போராட்டத்தைக் குறை சொல்லவில்லை. பொது வேலைநிறுத்தத்துக்கும் ஹர்த்தாலுக்கும் அழைப்பது வேறு, பந்த்துக்கு அழைப்பது வேறு என்று பிரித்தது. பந்த் என்று அறிவிக்கும்போதே "வெளியே வந்தால் தடுக்கப்படுவாய்" என்ற எச்சரிக்கை அதில் ஒளிந்திருக்கிறது, வெளிப்படையாக யாரும் மிரட்டாவிட்டாலும் குடிமகன் அச்சத்தில்தான் வீட்டோடு கிடக்கிறான் என்றது. ஒரு பகுதியினரின் உரிமைக்காக மற்றவர்களுடைய அடிப்படை உரிமைகளைக் கீழே தள்ள முடியாது என்று சொல்லி, பந்த் அரசமைப்புக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

என் கண்ணாடிக்காரரைப் பார்க்காமலேயே அந்த நீதிபதிகள் அவரைப் பற்றி எழுதிவிட்டார்கள் என்றுதான் முதலில் படித்தபோது தோன்றியது.

தீர்ப்புக்குப் பிறகு பந்த் நின்றுவிட்டதா?

கேரளத்தில் பெயர் மாறியது. மறுநாளிலிருந்து எல்லாம் ஹர்த்தால் ஆயிற்று. கல்லும் அதுவே, கடையும் அதுவே. இருபது ஆண்டுகள் கழித்து, 2019 ஜனவரியில் சபரிமலையை ஒட்டி நடந்த ஹர்த்தாலுக்குப் பிறகு, ஏழு நாள் முன்னறிவிப்புக் கொடுக்காமல் ஹர்த்தால் நடத்தக்கூடாது என்று அதே நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

மும்பையில் 2003 ஜூலை 30-ஆம் தேதி, காட்கோபர் குண்டுவெடிப்பைக் கண்டித்து நடத்திய பந்த்துக்காகச் சிவசேனாவுக்கும் பாரதிய ஜனதாவுக்கும் தலா 20 லட்சம் ரூபாய் செலுத்தும்படி பம்பாய் உயர் நீதிமன்றம் 2004-இல் உத்தரவிட்டது. குண்டுவெடிப்பைக் கண்டிப்பதில் யாருக்கு மறுப்பு இருக்கும்? காரணம் நல்லதா கெட்டதா என்பதை நீதிமன்றம் எடைபோடவில்லை, ஊரை முடக்கியதற்குத்தான் பணம் கட்டச் சொன்னது.

நம் ஊர்க் கதை இன்னும் சுவாரசியமானது. 2007 அக்டோபர் 1-ஆம் தேதி, சேது சமுத்திரத் திட்டத்தை விரைவுபடுத்தக் கோரித் தமிழ்நாட்டில் முழு அடைப்பு என்று திமுகவும் அதன் கூட்டணிக் கட்சிகளும் அறிவித்தன. அப்போது ஆட்சியிலிருந்ததும் அவர்கள்தான். அதிமுக உச்ச நீதிமன்றம் போனது. செப்டம்பர் 30 ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்றே சிறப்பு அமர்வு கூடி முழு அடைப்புக்குத் தடை விதித்தது. மறுநாள் முதல்வர் கருணாநிதி தலைமையில் சென்னையில் உண்ணாவிரதம் என்று போராட்டம் உருமாறியது. ஆனால் காலையில் அரசு பஸ்கள் ஓடவில்லை. நீதிமன்றம் கொதித்துப்போனது. அரசே கடையடைப்பு நடத்தினால் கடைக்காரன் பாதுகாப்புக் கேட்டு யாரிடம் போவான் என்பதை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாக யோசித்தேன்.

காந்தியே ஹர்த்தால் நடத்தினாரே, அவரும் கட்டாயப்படுத்தியவர்தானா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் என்னை மடக்கிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் இந்த விஷயத்தில் அவரைவிட அதிகமாகத் தலையை உடைத்துக்கொண்டவர் யாருமில்லை.

நாடு தழுவிய முதல் ஹர்த்தால் யோசனை அவருக்கு நம் சென்னையில்தான் உதித்தது. 1919 மார்ச்சில் ரௌலட் சட்டத்தை எதிர்ப்பது எப்படி என்று குழம்பியபடி ராஜாஜியின் வீட்டில் தங்கியிருந்தார். விடியற்காலையில், தூக்கமும் விழிப்புமான நேரத்தில் கனவு போல அந்த எண்ணம் வந்ததாக ராஜாஜியிடம் சொன்னார். ஏப்ரல் 6 என்று நாள் குறித்தார்கள். அது ஞாயிற்றுக்கிழமை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதிலும், ஞாயிறன்று வேலைக்குப் போக வேண்டியவர்கள் முன்கூட்டியே விடுப்பு வாங்கிக்கொண்டுதான் வேலையை நிறுத்த வேண்டும் என்று அவர் அறிக்கையிலேயே எழுதினார். லீவு சொல்லிவிட்டுப் புரட்சி செய் என்று சொன்ன தலைவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். கேலியாகச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியில், சேர விரும்பாதவனுக்கும் முதலாளிக்கும் இருந்த மரியாதை தெரிகிறது.

இரண்டரை ஆண்டுகளில் அது கைமீறியது. 1921 நவம்பர் 17-ஆம் தேதி வேல்ஸ் இளவரசர் பம்பாயில் வந்திறங்கினார். அன்று ஹர்த்தால். இளவரசரை வரவேற்கப் போன பார்சிகளையும் கிறிஸ்தவர்களையும் கூட்டம் தாக்கியது. வெளிநாட்டுத் தொப்பிகளைப் பிடுங்கினார்கள், டிராம்களை நிறுத்தினார்கள், மதுக்கடைகளை நொறுக்கினார்கள். பல நாள் நீடித்த கலவரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காந்தி அப்போது பம்பாயிலேயே இருந்தார், கண்ணால் பார்த்தார். தான் கண்ட அந்தச் சுயராஜ்யம் நாற்றமடிக்கிறது என்று எழுதிவிட்டு, தன் ஆள்களுக்கு எதிராகத் தானே உண்ணாவிரதம் உட்கார்ந்தார். வரவேற்கப் போகும் உரிமை பார்சிக்காரருக்கு இருக்கிறது என்பதற்காக ஒரு விடுதலைப் போராட்டத் தலைவர் பட்டினி கிடந்தார் என்பதைப் பள்ளிப் பாடத்தில் நான் படித்த ஞாபகமில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து, கருத்துக்கும் கட்டாயத்துக்கும் நடுவே உள்ள கோடு எழுத்திலேயே வந்தது. 1931 மார்ச் 5-ஆம் தேதி காந்தி–இர்வின் ஒப்பந்தத்தில் மறியலுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. இந்தியப் பொருள்களை ஆதரித்தும் மதுவை எதிர்த்தும் கடைமுன் மறியல் செய்யலாம். ஆனால் அதில் கட்டாயம், மிரட்டல், தடுத்து நிறுத்துதல், பகைமை காட்டும் ஆர்ப்பாட்டம், பொதுமக்களுக்கு இடையூறு எதுவும் இருக்கக்கூடாது. ஓரிடத்தில் இவற்றில் ஒன்று நடந்தாலும் அந்த இடத்தில் மறியலே நிறுத்தப்படும். சாராயக் கடை வாசலில் நின்று "வேண்டாம் ஐயா, வீட்டில் குழந்தை காத்திருக்கிறது" என்று கெஞ்சலாம். அவர் சட்டையைப் பிடித்து இழுக்கக்கூடாது. என் கடைக்கு வந்த ஐந்து பேரில் நான்கு பேர் இந்த ஒப்பந்தத்துக்கு உட்பட்டே வந்தார்கள்.

சாகும்வரை உண்ணாவிரதம்? தன்னைத்தானே வருத்திக்கொள்பவர் பிறரை எப்படிக் கட்டாயப்படுத்த முடியும்?

எங்கள் அம்மாவைக் கேட்டால் தெரியும். "நீ இந்த வரனுக்குச் சம்மதிக்கும்வரை நான் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன்" என்று அவர் உட்கார்ந்தபோது எங்கள் வீட்டில் யார் யாரைக் கட்டாயப்படுத்தினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் அக்கா சம்மதித்தாள்.

இது எனக்கே தெளிவில்லாத இடம், ஒப்புக்கொள்கிறேன். 1932 செப்டம்பரில், தாழ்த்தப்பட்டோர் மட்டுமே வாக்களித்துத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதியை எதிர்த்து எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். 20-ஆம் தேதி தொடக்கம், 24-ஆம் தேதி பூனா ஒப்பந்தம். அம்பேத்கர் அந்தத் தனி வாக்காளர் தொகுதியை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டார். காந்தி செத்திருந்தால் நாட்டின் சேரிகளில் என்ன நடந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். "முடியாது" என்று சொன்னவருக்கு மறுநாள் என்ன ஆகும் என்ற என் அளவுகோலை அங்கே வைத்துப் பாருங்கள். அம்பேத்கர் பிற்காலத்தில் அந்த உண்ணாவிரதத்தைக் கடுமையாகவே கண்டித்தார், அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். முந்தின பதிலில் காந்தியை மெச்சிய அதே ஆள்தான் இதையும் எழுதுகிறேன்.

அதே நேரத்தில் சங்கரலிங்கனாரை நினைக்கிறேன். தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரி 1956 ஜூலையில் விருதுநகரில் தொடங்கினார். 76 நாள். அக்டோபர் 13-ஆம் தேதி இறந்தார். அரசு அசையவில்லை. அவர் யாரையும் கட்டாயப்படுத்தினார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டினி கிடப்பவர் பின்னால் எவ்வளவு பெரிய கூட்டம் நிற்கிறது, எதிரே இருப்பவர் எவ்வளவு பலவீனமானவர் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது போலும்.

ஒரு கடையில் பொருள் வாங்காதீர்கள் என்று பிரசாரம் செய்வது?

தாராளமாகச் செய்யலாம். என் கடையில் நோட்டு விலை அதிகம் என்று தெருவெங்கும் சொல்லுங்கள், எதிர்க் கடைக்குப் போங்கள். எனக்கு நஷ்டம் வரும், வயிறு எரியும். ஆனால் உங்கள் பணம் உங்கள் பையில் இருக்கிறது. அதை எடுக்காமல் இருப்பது உங்கள் உரிமை.

"அவன் கடையில் வாங்குகிறவர்களுக்கு அபராதம்" என்று ஊர்க்கூட்டம் போட்டுச் சொன்னால் கதை மாறிவிடும். ஊர் விலக்கு என்பது அதுதான். ஒரு குடும்பத்தோடு பேசக்கூடாது, கடையில் சாமான் கொடுக்கக்கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது, மீறினால் உனக்கும் அதே கதி. இங்கே தண்டனை விலக்கப்பட்டவருக்கு மட்டும் இல்லை. மனம் இரங்கி ஒரு படி அரிசி கொடுக்க நினைப்பவருக்கும் உண்டு. மகாராஷ்டிரம் 2016-இல் சமூகப் புறக்கணிப்புக்கு எதிராகத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு ஒரு குற்றமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

அதிகாரிகள் கூப்பிட்டு "சமாதானமாகப் போய்விடுங்கள்" என்றால் அதுவும் கட்டாயமா?

பல நேரங்களில் அதுதான் பெரிய கட்டாயம். பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவல் 2010-இல் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து எதிர்ப்புக் கிளம்பியது. நாவல் பிடிக்கவில்லை என்று கூட்டம் போடுவதும் கட்டுரை எழுதுவதும் வழக்குத் தொடுப்பதும் கருத்து. 2015 ஜனவரியில் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. 12-ஆம் தேதி நாமக்கல்லில் மாவட்ட நிர்வாகம் "அமைதிப் பேச்சுவார்த்தை" என்று கூப்பிட்டது. நிபந்தனையில்லாமல் வருத்தம் தெரிவிக்கிறேன், சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்குகிறேன், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுத்தாளர் கையெழுத்துப் போட்டார். எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று பின்னர் அறிவித்தார். யாரும் அவர் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. அமைதி என்றே அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள்.

சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5-ஆம் தேதி, தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் தலைமையிலான அமர்வில், அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. பிடிக்காத புத்தகத்தைப் படிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை என்றும், எழுத்தாளர் மீண்டும் எழுத வரட்டும் என்றும் சொன்னது.

கலவரம் வரும் என்று பயந்து பேசுபவரின் வாயை அடைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் இதற்கு முன்பே சொல்லியிருக்கிறது. ஒரே ஒரு கிராமத்திலே என்ற தமிழ்ப் படம் இடஒதுக்கீட்டு முறையை விமர்சித்ததால் அதன் சான்றிதழை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. வன்முறை மிரட்டலுக்குப் பணிந்து கருத்துரிமையை முடக்குவது, சட்டத்தின் ஆட்சியை மிரட்டுபவரிடம் ஒப்படைப்பதற்குச் சமம் என்றது. அந்தப் படத்தின் கருத்து எனக்கு உடன்பாடில்லை. தீர்ப்பு உடன்பாடு.

நல்ல காரியத்துக்காகக் கட்டாயப்படுத்தினால் என்ன தப்பு? தேசிய கீதம் பாடச் சொல்வதில் கூடவா?

1985-இல் கேரளத்தில் மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்தவர்கள். காலை வழிபாட்டில் தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், வாய் திறந்து பாட மாட்டார்கள். அவர்கள் நம்பிக்கை அப்படி. மறுநாளும் நின்றார்கள், அதற்கு மறுநாளும். ஒருவரையும் பாடாதே என்று தடுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 1986 ஆகஸ்டில் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நான் கீதத்தை உரக்கப் பாடுகிறவன். பக்கத்தில் நிற்பவன் பாடாததால் என் சுருதி குறைந்ததில்லை.

அப்படியானால் சட்டமும் கட்டாயம்தானே?

ஆமாம். தலைக்கவசம் போடச் சொல்வது கட்டாயம்தான். ஆனால் அதை நாடாளுமன்றத்தில் பேசி நிறைவேற்றியிருக்கிறார்கள், அபராதம் எவ்வளவு என்று முன்பே எழுதியிருக்கிறது, கோர்ட்டுக்குப் போக வழியிருக்கிறது. கண்ணாடியைத் தட்டியவரிடம் ரசீது கிடையாது.

எல்லாம் சரி. யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் போராடினால் எவன் திரும்பிப் பார்க்கிறான்?

இதற்குத்தான் நான் பதில் சொல்லத் திணறுவேன். காலிக் குடங்களோடு பெண்கள் நெடுஞ்சாலையில் உட்காரும்வரை எங்கள் வார்டுக்குத் தண்ணீர் லாரி வந்ததில்லை. மனு மேல் மனு கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். அரை மணி நேரத்தில் அதிகாரி வந்தார், ஒரு மணி நேரத்தில் லாரி வந்தது. அவர்களிடம் போய் "நடமாடும் உரிமை அரசமைப்பின் 19-ஆவது பிரிவில் இருக்கிறது அம்மா" என்று சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை, மனமும் இல்லை. அவர்களும் ஆம்புலன்ஸ் வந்தபோது குடங்களை நகர்த்தி வழிவிட்டார்கள், பார்த்துக்கொண்டிருந்தேன்.

சட்டம் என்னைவிடக் கறாரானது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தில்லியில் சாலையில் அமர்ந்து நடத்திய ஷாகீன் பாக் போராட்டம் தொடர்பாக 2020 அக்டோபர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், எதிர்ப்புக்காகப் பொதுவழியைக் காலவரையின்றி அடைத்துவைக்க முடியாது, அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் போராட வேண்டும் என்றது. ஒதுக்கிய இடம் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாத இடமாக இருப்பதுதான் வேடிக்கை.

என் மனத்துக்குள் நான் வைத்திருக்கும் கணக்கு இது: குடத்தோடு உட்கார்ந்தவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் காட்டி உட்கார்ந்தார்கள். வழக்குப் போட்டால் போடு என்றார்கள். தண்ணீர் கொடுக்க வேண்டிய அலுவலகத்தைப் பார்த்துப் பேசினார்கள். ஏரிக் கால்வாயில் சுவர் எழுப்பியது நான் இல்லை. பிறகு என் கண்ணாடி எதற்கு?

பந்த் நாளில் மிரட்டல் வந்தால் கடைக்காரர் என்ன செய்யலாம்?

வீரம் காட்ட வேண்டாம். 1988 மார்ச் 15-ஆம் தேதி பாரத் பந்த் அன்று கேரளத்தில் ஒரு மாவு மில்லை மூடச் சொல்லி உள்ளே புகுந்தவர்களுக்கும் மில்காரர்களுக்கும் தகராறு முற்றித் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. தற்காப்பு என்று உச்ச நீதிமன்றம் மில்காரர்களை விடுவித்தபோது 2003 டிசம்பர். பதினைந்து ஆண்டு கோர்ட் வாசல்.

நோட்டீஸைப் பத்திரப்படுத்துங்கள், அதில் அச்சிட்ட அமைப்பின் பெயர் இருக்கும். கேமரா பதிவை அன்றைக்கே தனியாக எடுத்துவையுங்கள், பல கருவிகளில் சில வாரத்தில் பழையது தானாக அழிந்துவிடும். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் எழுந்திருக்காதீர்கள். சேதம் நடந்துவிட்டால் தமிழ்நாட்டின் 1992-ஆம் ஆண்டுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதியச் சொல்லிக் கேளுங்கள். கடை இன்சூரன்ஸில் கலவரம், வேலைநிறுத்தச் சேதம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிக்குப் பெரும்பாலும் தனிப் பிரிவு, தனிப் பிரீமியம். எனக்கு இது பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்று, நம் சங்கங்களுக்கே சொல்ல வேண்டியது. சங்கம் அறிவித்த கடையடைப்பில் கடை திறந்த உறுப்பினருக்கு அபராதம் போட்ட தீர்மானத்தில் பொருளாளராக நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ரசீதில் "நன்கொடை" என்று எழுதினோம்.

ஏரிக் கடையடைப்பு அன்று நீங்கள் கடையை மூடினீர்களா?

மூடினேன். மூடுவதாக அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பே மனைவியிடம் சொல்லியிருந்தேன். நீச்சல் கற்றது அந்த ஏரியில். கால்வாயை மீட்கக் கோரிய மனுவில் என் கையெழுத்து நான்காவதாக இருக்கிறது.

அன்று பஜாரில் ஒரு பெட்டிக்கடைகூடத் திறக்கவில்லை. எனக்கு இரண்டு கடை தள்ளி ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், கால்வாயில் சுவர் எழுப்பினவரின் மைத்துனர். அவரும் மூடியிருந்தார். மறுநாள் செய்தியில் "வணிகர்கள் முழு ஆதரவு" என்று வந்தது. அந்த முழுமையில் நானும் இருந்தேன், மைத்துனரும் இருந்தார்.

அடுத்த வாரம் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மீண்டும் மனு கொடுக்கப் போனோம். ஊரே கடையடைத்து ஆதரவு காட்டியிருக்கிறது என்று எங்களில் ஒருவர் ஆரம்பித்தார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பைலிலிருந்து தலையைத் தூக்காமலே, "கண்ணாடி உடையும் என்று பயந்து மூடியிருப்பீர்கள்" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், கடைக்காரன் நான் ஒருவன்தான். இல்லை ஐயா, நான் மனமாரத்தான் மூடினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டுத் திண்ணையில் கிடந்த சாக்கு ஞாபகத்துக்கு வந்தது.